மொறுமொறுப்பு எண்ணெயில் இல்லை: கொறிப்பதிலும் தொட்டுக்கொள்வதிலும் நாம் விடும் பிழைகள்

நல்லூர்த் திருவிழா நாட்களில் எங்கள் வீட்டில் ஆட்கள் குறைவதில்லை. கனடாவிலிருந்து சித்தி குடும்பம், கொழும்பிலிருந்து மச்சாள், அவர்களின் பிள்ளைகள். பின்னேரம் கோயிலால் வந்ததும் எல்லோருக்கும் கொறிக்க ஏதாவது வேண்டும். ஒருநாள் சித்தி கரட்டையும் வெள்ளரிக்காயையும் நீளமாக வெட்டிப் பெரிய தட்டில் அடுக்கி, நடுவில் ஒரு கோப்பை மயோனைஸ் வைத்தார். பக்கத்தில் இரண்டு பைக்கற் சிப்ஸ். அரை மணித்தியாலத்தில் சிப்ஸ் முடிந்தது, மயோனைஸும் முடிந்தது, கரட் அப்படியே கிடந்தது. ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். முறியவில்லை, வளைந்தது.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தேடியது மொறுமொறுப்பு. அன்று அது சிப்ஸில்தான் இருந்தது.

மொறுமொறுப்பு முழுக்க முழுக்கத் தண்ணீரின் கணக்கு. கரட், வெள்ளரி, கறிமிளகாய் போன்றவை தண்ணீர் நிறைந்திருப்பதால் முறிகின்றன. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் தண்ணீர் நிரம்பிச் சுவரை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கும் வரை கடிக்கும்போது ‘டக்’ என்று சத்தம் வரும். வறுத்த கடலை, அப்பளம், புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) எல்லாம் நேர்மாறு: தண்ணீர் போய்விட்டதால் முறிகின்றன. எண்ணெயில் பொரிப்பது தண்ணீரை விரைவாக விரட்டுவதற்கான ஒரு வழி, அவ்வளவுதான். வெயில், மணல், போறணை, தோசைக்கல் எல்லாமே அதே வேலையைச் செய்யும். இது பிடிபட்டால் கீழே வரும் பிழைகளில் பாதி தானாகவே போய்விடும்.

காலையில் வெட்டி வைப்பது

மரக்கறியில் எல்லோரும் விடும் முதல் பிழை நேரத்தோடு வெட்டி வைப்பது. ஆடி, ஆவணியில் இங்கு வீசும் காய்ந்த காற்றுக்கு வெட்டிய கரட் ஒரு மணித்தியாலம்கூடத் தாங்காது. அடுத்தது, ருசிக்காக உப்பும் மிளகுத்தூளும் முன்கூட்டியே தூவுவது. உப்பு பட்ட இடத்தில் தண்ணீர் வெளியே வந்துவிடும். வெள்ளரிக்காயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம், பத்து நிமிடத்தில் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கும். உப்பு தொட்டுக்கொள்வதில் இருந்தால் போதும்.

கரட் வாடிவிட்டால் எறிய வேண்டாம். ஐஸ் போட்ட தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊற விடுங்கள். கலங்கள் தண்ணீரைத் திரும்பக் குடித்து நிமிர்ந்துவிடும். அதன் பிறகு ஒரு வேலை இருக்கிறது, பலர் அதை விட்டுவிடுகிறார்கள்: துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரமான கரட்டில் எந்தச் சம்பலும் ஒட்டாது, வழுக்கி விழும். வெள்ளரிக்காயில் நடுவிலுள்ள விதைச் சதையைக் கரண்டியால் வழித்துவிட்டால் இன்னும் நல்லது.

திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ நல்ல நோக்கோல் கிடைத்தால் விடாதீர்கள். தோலைத் தடிப்பாகச் சீவி, விரல் மொத்தத்தில் வெட்டினால் கரட்டைவிட அதிக நேரம் முறிப்பாக இருக்கும். ஏனோ நாம் அதைக் கறிக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

கடலையை ஈரத்தோடு வறுப்பது

எண்ணெயில்லாத கொறிப்பு என்றால் எனக்கு முதலில் கடலைதான். காய்ந்த கடலை 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது, நார்ச்சத்தும் தாராளம். ஆனால் வீட்டில் வறுத்தால் வெளியே தோல் கருகி, உள்ளே மா மாதிரி இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். காரணம் ஒன்றுதான். அவித்து வடித்த கையோடு போறணைக்குள் தள்ளிவிடுகிறார்கள். முதல் இருபது நிமிடம் கடலை வறுபடுவதில்லை, ஆவியில் இன்னொரு முறை அவிகிறது.

நான் செய்யும் முறை இது. 250 கிராம் கடலையை இரவு முழுவதும் ஊறவிட்டு, இரண்டு விரலால் நசுக்கினால் மசியும் வரை அவிப்பேன். வடித்ததும் பழைய பருத்தித் துணியில் ஒரே படையாகப் பரப்பி, ஃபானுக்குக் கீழே ஒரு மணித்தியாலம் விடுவேன். கையால் அளைந்தால் ஈரம் ஒட்டக்கூடாது, கூழாங்கல் மாதிரி உருள வேண்டும். அப்புறம் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் மட்டும் பிசறி, 200 பாகை செல்சியஸில் முப்பதிலிருந்து நாற்பது நிமிடம். இடையில் இரண்டு தரம் தட்டைக் குலுக்க வேண்டும். போறணையை நிற்பாட்டிய பிறகும் கதவைக் கொஞ்சம் திறந்து உள்ளேயே ஆற விடுவேன், மிச்சமிருக்கும் ஈரம் அப்போதுதான் போகும். போறணை இல்லாதவர்கள் அடி கனத்த தாச்சியில் சிறு நெருப்பில் வறுக்கலாம், கை ஓயக்கூடாது.

மிளகாய்த்தூளும் நற்சீரகத்தூளும் கடைசியில், கடலை சுடச்சுட இருக்கும்போது சேருங்கள். முதலிலேயே போட்டால் கருகிக் கைத்துவிடும். தேசிக்காய்ப் புளியைக் கடலை மேல் பிழியவே வேண்டாம், ஐந்து நிமிடத்தில் மெத்தென்றாகிவிடும். புளிப்பு வேண்டுமென்றால் சம்பலில் பிழியுங்கள். கடலையைத் தொட்டுச் சாப்பிடுவதும் சிரமம்தான். அதனால் சம்பலைத் தட்டில் பரப்பி, மேலே கடலையைத் தூவி, வெள்ளரித் துண்டால் அள்ளச் சொல்வேன்.

அள்ளுவதற்கு இன்னொன்று குரக்கன் ரொட்டி. குரக்கன் 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. இதில் பிழை தடிப்பில் நடக்கிறது. வழக்கமான ரொட்டித் தடிப்பில் தட்டினால் காய்ந்ததும் தோல் மாதிரி இழுக்கும். கடுதாசி அளவுக்கு மெல்லிசாகத் தட்டிக் கல்லில் சுட்டு, முக்கோணமாக வெட்டி ஆறவிட்டு, சிறு நெருப்பில் மறுபடியும் சுட வேண்டும். அந்த இரண்டாவது சூட்டில்தான் முறிப்பு வருகிறது. மிருதுவாக வர வேண்டுமென்று கோதுமை மாவைப் பாதிக்கு மேல் கலப்பவர்கள் இருக்கிறார்கள். அது பிறகு பேருக்குத்தான் குரக்கன் ரொட்டி.

சூட்டோடு டின்னை மூடுவது

கார்த்திகை மழைக்காலத்தில் நான் பாடுபட்டு வறுத்த ஒரு கிலோ கடலை மறுநாளே நமுத்துப் போனது. அம்மா டின்னைத் திறந்து மூடியின் உட்பக்கத்தை விரலால் துடைத்துக் காட்டினார். ஈரம். “சூட்டோட மூடினா அது தன்ர வேர்வையிலயே நனைஞ்சிடும் பிள்ளை,” என்றார். அது முழு உண்மை. வறுத்த எதையும் கையில் வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டுத்தான் மூட வேண்டும். ஒரு பெரிய டின்னை நாளுக்குப் பத்து முறை திறப்பதைவிட நாலைந்து சிறிய போத்தல்களில் பிரித்து வைத்தால் மாரியிலும் தாங்கும்.

தொட்டுக்கொள்வதைக் கணக்கில் எடுக்காதது

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். கரட் சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் கோப்பையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாச்சத்திலும் புரதத்திலும் 4. மயோனைஸின் பெரும்பகுதி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 90 கலோரி. ஒரு பிள்ளை ஐந்து கரண்டி சாதாரணமாகத் தொட்டுவிடும். சிப்ஸைத் தவிர்த்ததில் என்ன இலாபம்?

நம் வீடுகளில் இதற்குக் குறைவே இல்லை. சுட்ட கத்தரிக்காய்ச் சம்பல் ஒன்றே போதும். கத்தரிக்காயை நெருப்பில் தோல் கருகும் வரை சுட்டு, உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைவது எல்லோருக்கும் தெரிந்ததே. உரித்த கத்தரிக்காயைக் கால் மணித்தியாலம் வடிதட்டில் விட்டால் தண்ணீர் இறங்கிச் சம்பல் கெட்டியாக வரும். தேங்காய்ப் பாலுக்குப் பதிலாக வடித்த தயிர் சேர்த்தால் சரி. தயிரை மெல்லிய துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் மூன்று நான்கு மணித்தியாலம் தொங்க விட்டால் கரண்டியை நிமிர்த்தி வைக்கலாம் போல கெட்டியாகும். அதில் நசுக்கிய உள்ளி ஒரு பல், பொடியாக அரிந்த வல்லாரை ஒரு கைப்பிடி. பிள்ளைகள் வல்லாரை என்று தெரியாமலே சாப்பிடுவார்கள். அரபு நாட்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்த ஹமுஸும் கஷ்டமில்லை: அவித்த கடலை, வறுத்து அரைத்த எள்ளு, உள்ளி, தேசிக்காய்.

கெட்டித்தன்மையில் கவனம் வையுங்கள். தண்ணியாக இருந்தால் முறுகலான எதுவும் அதில் பட்டதும் ஊறிவிடும், பிள்ளைகள் மறுபடியும் சிப்ஸைத்தான் தேடுவார்கள். தேங்காய்ப்பூ, தயிர் சேர்ந்த எதையும் நம் வெக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பெரிய கோப்பை ஒன்றுக்குப் பதில் ஆளுக்கொரு சின்னக் கோப்பை வைத்தால் மிச்சம் பிரிட்ஜிலேயே இருக்கும்.

உப்பை இரண்டு தரம் போடுவது

உலக சுகாதார நிறுவனம் ஒரு வளர்ந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, சோறு கறி எல்லாம் சேர்த்து. அப்பளத்தைப் பொரிக்காமல் நெருப்பில் சுட்டால் எண்ணெய் மிச்சம், ஆனால் உப்பு அப்படியே இருக்கிறது. மோர் மிளகாயும் அதே கதை. பிரஷர் இருக்கும் அப்பாவுக்குச் சுட்ட அப்பளமும் உப்புப் போட்ட சம்பலும் வைத்துவிட்டு ‘எண்ணெய் இல்லைதானே’ என்று சொல்வது பெரிய பிழை. இரண்டில் ஒன்று உப்பில்லாமல் இருக்கட்டும். ‘பேக்ட்’ என்று எழுதிய பைக்கற்றுக்கும் இது பொருந்தும். முன்பக்க எழுத்தை விட்டுவிட்டு, உப்புக்கும் கொழுப்புக்கும் சீனிக்கும் போட்டிருக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளத்தைப் பாருங்கள்.

பருத்தித்துறை வடையைப் போறணையில் வைப்பது

அதைச் செய்யாதீர்கள். உழுந்தும் பெருஞ்சீரகமும் செத்தல் மிளகாயும் சேர்ந்த அந்த வடை எண்ணெய்க்கென்றே பிறந்தது. போறணையில் வருவது வேறு ஒரு சாமான். இரண்டு வடையை ஆசையாகச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்துக்கு நோக்கோலை எடுப்பது நல்ல வழி. வீட்டில் பொரிப்பவர்கள் மூன்றைக் கவனித்தால் போதும். தாச்சியை நிறைத்துப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, பண்டம் எண்ணெயைக் குடிக்கும். எடுத்தவுடன் எண்ணெயை நன்றாக உதறி வடிய விட வேண்டும், ஏனென்றால் ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுபடுகிறது. கறுத்து, நுரைத்து, புகையும் எண்ணெயை மறுபடி பாவிக்கக் கூடாது. கிழங்குப் பொரியலைப் பொன்னிறத்தோடு எடுங்கள். மாப்பொருள் 120 பாகைக்கு மேல் சூடேறும்போது அக்ரிலமைட் என்ற வேண்டாத பொருள் உருவாகிறது என்பதைச் சுவீடன் ஆய்வாளர்கள் 2002இல் காட்டினார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும்.

‘இயற்கைதானே’ என்று அளவில்லாமல் தின்பது

புழுக்கொடியலில் எண்ணெய் இல்லை, உப்பு இல்லை, நார் நிறைய. ஆனாலும் அது கிழங்கு, மாச்சத்துத்தான். சீனி வருத்தம் உள்ளவர்கள் அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். பல் பலமில்லாத அம்மம்மாவுக்கு முழுதாகக் கொடுக்க முடியாது. நான் தை மாதம் கிழங்கு அவிக்கும்போதே நடுத்தண்டையும் தும்பையும் எடுத்துவிட்டு, சதையை ஐந்து சத நாணயத் தடிப்பில் வட்டமாக வெட்டி வெயிலில் காயப் போடுவேன். அது பல்லுக்கு இலகு, கத்தரிக்காய்ச் சம்பலை அள்ளவும் வாகாக இருக்கும்.

மணலில் வறுத்த கோதுக் கச்சானும் அப்படித்தான், எண்ணெயில்லாமல் வறுத்தாலும் 100 கிராம் பருப்பில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடி போதும். கோதை உடைத்து உண்பதால் கை தானாகவே மெதுவாகும், அதனால் உடைத்த கச்சானை வாங்காதீர்கள். பூஞ்சணம் பிடித்தது, சுருங்கியது, கைப்பானது எதையும் துப்பிவிடுங்கள், அவற்றில் அஃப்ளாடொக்ஸின் நஞ்சு இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்கு முழுக் கச்சானும் முழுக் கடலையும் வேண்டாம், தொண்டையில் அடைத்துவிடும். அவர்களுக்குக் கரட்டைத் துருவி, வடித்த தயிரில் பிசைந்து, மெல்லிய ரொட்டித் துண்டோடு இருத்தி வைத்துக் கொடுங்கள்.