குறியீட்டிய ஓவியம் வாங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஏலத்துக்கு முன்னால் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள். பிரஸ்ஸல்ஸிலோ பாரிஸிலோ அப்படி ஒரு பார்வை நாளில் போய் நின்றால், புதிதாகச் சேகரிக்க வந்தவர்களை எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். ஆறடி தள்ளி நின்று, கண்மூடிய பெண்ணையும், பெண் முகமும் சிங்க உடலும் கொண்ட ஸ்ஃபிங்ஸையும் பார்த்துக் கிறங்கிப்போயிருப்பார்கள். பழகிய ஆட்கள் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்திருப்பார்கள், இல்லையென்றால் படத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கவிஞர் ழான் மொரேயாஸ் குறியீட்டிய (சிம்பலிசம்) அறிக்கையை 'ல ஃபிகாரோ' நாளிதழில் வெளியிட்டது 1886-ல். அதற்குச் சற்று முன்னாலிருந்து முதல் உலகப்போர் வரையிலான ஐரோப்பியப் படைப்புகளைத்தான் இங்கே பேசுகிறேன். ரெதோன், க்னோஃப், ரோப்ஸ், ஸ்டுக், மின்னே போன்றவர்கள் கனவையும் சாவையும் ஆசையையும் வரைந்து, வடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் புகைப்பட அச்சும் படங்களைப் பிரதியெடுக்கும் தொழிலும் அசாத்தியமாக வளர்ந்தன. இவர்களே அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். புதியவர்களின் பணம் பெரும்பாலும் போவது அங்கேதான்.

கையெழுத்து போலியா என்று பார்ப்பது, ரசீது கேட்டு வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

புகைப்படத்தை ஓவிய விலைக்கு வாங்குவது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எத்தனை பேருக்குச் சொன்னாலும் அடுத்த ஏலத்தில் வேறொருவர் மாட்டியிருப்பார்.

ஃபெர்னான் க்னோஃப் (1858–1921) பெல்ஜியக் குறியீட்டியத்தின் பெரிய பெயர். தன் தங்கை மார்கெரித்தை விதவிதமாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து, அவற்றை வைத்துக்கொண்டு வரைந்தவர். அதோடு நிற்கவில்லை. முடித்த ஓவியங்களை அலெக்சாந்தர் என்ற பெயரில் தொழில் செய்த பிரஸ்ஸல்ஸ் புகைப்படக்காரரிடம் கொடுத்துப் படமெடுக்கச் செய்தார். அப்படிக் கிடைத்த பிளாட்டினம் பிரிண்ட்களின், அதாவது பிளாட்டினம் கொண்டு அச்சிட்ட புகைப்படங்களின் மேல் பாஸ்டலோ (வண்ணச் சுண்ணக்கட்டி) வண்ணப் பென்சிலோ கொண்டு தன் கையாலேயே நிறமேற்றிக் கையெழுத்தும் போட்டார். ஆக, கையெழுத்து அசல், மேலே இருக்கும் வண்ணமும் அசல், அடியில் இருப்பது புகைப்படம்.

சாதாரணப் புகைப்படமாக இருந்தால் பளபளப்பே காட்டிக்கொடுத்துவிடும். பிளாட்டினம் பிரிண்டில் அது கிடையாது. ஜெலட்டின் படலம் எதுவும் இல்லாமல் உருவம் காகித நாருக்குள்ளேயே படிந்திருக்கும். மங்கலான சாம்பல் நிறம், தொட்டால் வெறும் காகிதம். கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால் மென்மையான பென்சில் ஓவியம் என்று சத்தியம் செய்யலாம் போலிருக்கும்.

தெரிந்த இளைஞர் ஒருவர் இப்படி ஒன்றை வாங்கிவிட்டு, "அண்ணே, க்னோஃப் ஒண்ணு பிடிச்சிட்டேன்" என்று தூக்கிக்கொண்டு வந்தார். ஏலப் பட்டியலில் 'காகிதத்தில் கலப்பு ஊடகம், கையெழுத்துடன்' என்று போட்டிருந்தது. ஃப்ரேமைக் கழற்றச் சொன்னேன். அவருக்கு மனமே இல்லை. கழற்றினால், படத்தின் மேல் பதிந்திருந்த பழைய அட்டையின் உள்பக்கத்தில் அதே முகம் லேசான பழுப்பில் இடவலம் மாறித் தெரிந்தது. பிளாட்டினம் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் காகிதத்தை மெல்ல அரித்து இப்படி ஒரு நிழலைப் பதித்துவிடும். பென்சில் ஓவியத்துக்கு அந்தக் குணம் இல்லை.

"கையெழுத்து அசல்தானே?"

"அசல்தான்."

"அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்றால், அவர் கொடுத்தது ஓவியத்துக்கான விலை. நிறமேற்றிய புகைப்படத்துக்கும் அதற்கும் இடையே பல மடங்கு வித்தியாசம் உண்டு. விற்றவர்களிடம் போய்க் கேட்டதற்கு, "ஓவியம் என்று நாங்கள் எழுதவே இல்லையே" என்றார்களாம். வாஸ்தவம், எழுதவில்லை. என் கோபமெல்லாம் அந்தக் 'கலப்பு ஊடகம்' மேல்தான். புகைப்படம் என்று போட ஒரு சொல் போதும். அதை விட்டுவிட்டு இரண்டு சொல்லைத் தேடிப் போடுகிறார்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கரியோ பென்சிலோ காகிதத்தின் மேடுகளில்தான் பிடிக்கும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். புகைப்படத்தில் மேடு பள்ளம் பார்க்காமல் எல்லா இடத்திலும் நிறம் ஒரே சீராக இறங்கியிருக்கும். வண்ணம் ஏற்றிய இடத்தை விட்டுவிடுங்கள், அங்கே கைவேலைதான் தெரியும். யாரும் கவனிக்காத ஓரத்தையும் பின்னணி நிழலையும் பாருங்கள்.

அடுத்தது அளவு. க்னோஃபின் படைப்புகளுக்கு 1979-ல் வெளிவந்து 1987-ல் திருத்தப்பட்ட முழுப்பட்டியல் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதன் மூல ஓவியம் அதில் இருந்து, அது இதைவிடப் பெரிதாகவும், கூந்தலின் ஒவ்வொரு இழையும் இதே இடத்தில் இருப்பதாகவும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். எந்த ஓவியரும் தன் படத்தை இழைக்கு இழை சிறியதாக மறுபடி வரைந்துகொண்டிருக்க மாட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நிறமேற்றிய பிரிண்ட்கள் மட்டமான பொருள் ஒன்றும் கிடையாது. அவை தனி அழகு, எனக்கு மிகவும் பிடிக்கும். தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்குங்கள்.

ரோப்ஸ் விஷயத்திலும் இதே கதைதான், வேறு வடிவத்தில். ஃபெலிசியன் ரோப்ஸ் (1833–1898) தன் ஓவியங்களை ஹீலியோகிராவர் முறையில், அதாவது புகைப்படத்தின் உதவியோடு உலோகத் தகட்டுக்கு மாற்றி அச்சிட்டார். சிலவற்றைத் தகட்டிலேயே திருத்தினார், சிலவற்றில் அச்சான பிறகு கையால் வண்ணம் சேர்த்தார். அவற்றைத் தகட்டில் கையால் கீறி அமிலத்தில் அரித்தெடுத்த எட்சிங் என்று விற்பவர்கள் உண்டு. கண்கட்டிய பெண் ஒருத்தி பன்றியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கும் அவருடைய மிகப் பிரபலமான படம் 1878-ல் வரைந்தது. சந்தையில் அடிக்கடி வரும் வண்ண அச்சு, அதைப் பார்த்து ஆல்பேர் பெர்த்ரான் என்பவர் 1896-ல் செய்த தகடு. 'ரோப்ஸ்' என்பதற்கும் 'ரோப்ஸைப் பார்த்து' என்பதற்கும் நடுவே இன்னொரு ஆளின் கை இருக்கிறது.

அச்சிலேயே இருக்கும் கையெழுத்தை நம்புவது

லித்தோகிராஃப் என்பது கல்லில் வரைந்து எடுக்கும் அச்சு. கையெழுத்தையும் கல்லிலேயே போட்டிருந்தால் அதுவும் படத்தோடு சேர்ந்து அச்சாகும். 'லெஸ்தாம்ப் மொதேர்ன்' என்ற அச்சுப்படத் தொகுப்பு 1897 முதல் 1899 வரை மாதத்துக்கு நான்கு லித்தோகிராஃப் வீதம் பாரிஸில் வந்தது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம் புடைப்பு முத்திரையாக இருக்கும். அழகான பொருள், மலிவாகவும் கிடைக்கும். 'கலைஞர் கையெழுத்திட்டது' என்று சொல்லி விலையை ஏற்றினால் நடையைக் கட்டுங்கள்.

வெண்கலத்தை அளக்காமல் வாங்குவது

ஓவியத்துக்கு லென்ஸ் போல, சிலைக்கு அளவுகோல். ஏற்கெனவே இருக்கும் வெண்கலச் சிலையிலிருந்தே அச்செடுத்து மறுபடி வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்கி ஏறக்குறைய 2 சதவீதம் குறைந்துவிடும். எண்பது சென்டிமீட்டர் சிலையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் காணாமல் போகும். நுணுக்கங்களும் சற்று மழுங்கிவிடும், குறிப்பாக விரல் நகமும் இமையும்.

வார்ப்பகத்தின் முத்திரையைப் பார்த்து ஆண்டைக் கணிப்பதும் ஆபத்து. சிற்பி ரோதாங்குக்கு வார்த்துக் கொடுத்த வார்ப்பகத்தின் நிறுவனர் அலெக்ஸி ரூதியே 1897-லேயே இறந்துவிட்டார். ஆனால் அவருடைய மகன் அந்தப் பெயரிலேயே 1952 வரை முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ரோதாங் இறந்தது 1917-ல். ஆக, அந்த முத்திரை இருப்பதாலேயே அவர் உயிரோடு இருந்தபோது வார்த்தது என்று ஆகிவிடாது. போதாததற்கு, அதே முத்திரையைப் போலியாகக் குத்தி விற்றவர்களும் பிரான்சில் பிடிபட்டிருக்கிறார்கள்.

இறந்த பிறகு வார்த்ததெல்லாம் போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். பிரான்சில் எட்டு எண்ணிட்ட வார்ப்புகள், கலைஞருக்கென ஒதுக்கிய நான்கு வார்ப்புகள், மொத்தம் பன்னிரண்டு வரை அசல் என்றே கொள்வார்கள். ரோதாங் 1916-ல் தன் படைப்புகளை உரிமையோடு அரசுக்கே எழுதிக் கொடுத்ததால், அவருடைய அருங்காட்சியகம் பிறகும் முறைப்படி வார்த்துக்கொண்டிருந்தது. சிற்பி மின்னேயின் மண்டியிட்ட இளைஞன் (1898) போன்றவை பிளாஸ்டர், பளிங்கு, வெண்கலம் என்று பல வடிவில் உள்ளன. எந்தப் பொருள், எந்த ஆண்டு, எந்த வார்ப்பகம் என்று மூன்றுக்கும் பதில் கிடைக்கிற வரை கையைத் தூக்காதீர்கள்.

பெரிய பெயர்களையே துரத்துவது

ரெதோனின் கரி ஓவியம் ஒன்றுக்காகப் பல வருடம் சேமித்து, கடைசியில் சுமாரான ஒன்றை வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பணத்தில் அல்ஃபோன்ஸ் ஓஸ்பேரின் ஆயத்த ஓவியங்களையோ அலெக்சாந்தர் செயோனின் பென்சில் ஓவியங்களையோ நல்லதாகப் பல வாங்கியிருக்கலாம். இருவருமே எழுத்தாளர் பெலதாங் 1892 முதல் 1897 வரை பாரிஸில் நடத்திய ரோஸ்-குருவா என்ற குறியீட்டியக் கண்காட்சிகளில் பங்கேற்றவர்கள்.

பழைய ஃப்ரேமை மாற்றுவது

மாற்றாதீர்கள். ஸ்டுக் தன் ஃப்ரேம்களைத் தானே வடிவமைத்தவர்.

பாஸ்டல் படத்துக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போடுவது

அக்ரிலிக்கின் நிலைமின்சாரம் பாஸ்டல் பொடியை இழுத்துக்கொள்ளும். கண்ணாடி போடுங்கள், படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு.

'ஆட்ரிப்யூவே' என்ற சொல்லை அலட்சியம் செய்வது

பிரெஞ்சு ஏலப் பட்டியலில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் அவருடையது என்று உத்தரவாதம். 'ஆட்ரிப்யூவே' என்று இருந்தால் அவருடையதாக இருக்க வலுவான வாய்ப்பு உண்டு என்று மட்டும் அர்த்தம். 'அவர் பாணியில்' என்றால் எந்த உத்தரவாதமும் இல்லை. 1981-ம் ஆண்டு அரசாணையே இப்படி வகுத்திருக்கிறது. ஆகவே அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்குத் தகராறு வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

சுத்தியல் விலையோடு கணக்கை முடிப்பது

சுத்தியல் தட்டி முடிவாகும் விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் கால் பங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். பிறகு பேக்கிங், காப்பீடு, போக்குவரத்து. கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் சூடு பிடித்த பிறகு யாருக்கும் கணக்கு வராது.