இருக்கை உறுதியாகும் முன் புள்ளிகளை மாற்றாதீர்கள்

சென்ற வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் என் அக்காள் மகன் கைப்பேசியை நீட்டி, "மாமா, தீபாவளி வாரத்துச் சென்னை விமானத்தில் இத்தனை இருக்கைகள் காலியாக இருக்கின்றன, மைல்களுக்கு மட்டும் ஏன் ஒன்றுகூட வரவில்லை?" என்று கேட்டான். கடன்பற்று அட்டைச் செலவுக்கு வங்கி தரும் புள்ளிகள் அனைத்தையும் அவன் அதற்கு முன்பே மைல்களாக, அதாவது காசுக்குப் பதிலாக விமான நிறுவனத்திடம் கொடுத்துப் பயணச்சீட்டு வாங்க உதவும் புள்ளிகளாக, மாற்றிவிட்டிருந்தான். இதில் நாம் செய்யும் தவறுகள் இவை.

முதலில் மாற்றிவிட்டுப் பிறகு தேடுவது

காசுக்கு விற்கும் இருக்கைகளும் மைல்களுக்கு ஒதுக்கும் இருக்கைகளும் ஒரே கணக்கில் வருவதில்லை. மிச்சமிருக்கும் பத்து இடங்களையும் முழு விலை கொடுப்பவர்களே வாங்குவார்கள் என்று விமான நிறுவனம் கணித்துவிட்டால், மைல்களுக்கு ஓர் இடத்தைக்கூடத் திறந்துவிடாது.

தாய்மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக நானும் நான்காண்டுச் சேமிப்பை ஒரே இரவில் மாற்றினேன். என் கடன்பற்று அட்டைப் புள்ளிகளுக்குக் காலாவதியே கிடையாது; மைல்களுக்கோ மூன்றாண்டுக் கெடு இருந்தது. மாற்றம் முடியச் சில நாட்கள் ஆயின, அதற்குள் நான் பார்த்து வைத்திருந்த இருக்கை போய்விட்டது. மைல்களை மீண்டும் புள்ளிகளாக்க வழியில்லை என்று வங்கி சொன்னது. பயணச்சீட்டைக் காசுக்கே வாங்கினேன். மைல்களில் பெரும்பகுதி பயன்படாமலேயே காலாவதியானது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனெனில் மாற்றத்துக்கு எத்தனை நாளாகும் என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், இருக்கை திறந்திருக்கும்போது தேவையான அளவை மட்டும் மாற்றியிருக்கலாம், அல்லது மாற்றாமலேயே விட்டிருக்கலாம்.

நால்வருக்கும் சேர்த்துத் தேடுவது

நால்வராகப் பயணம் செய்யும்போது, மைல்களுக்கு இரண்டு இடங்களே திறந்திருந்தால், நால்வருக்கான தேடலில் ஒன்றும் இல்லை என்றே வரும். ஒருவருக்கென்று தேடுங்கள்.

நேர் விமானத்தையே நம்பியிருப்பது

மலேசியா ஏர்லைன்ஸ் 2013-இலும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014-இலும் ஒன்வேர்ல்டு கூட்டணியில் சேர்ந்தன; இதில் ஒரு நிறுவனத்தின் மைல்களைக் கொண்டு மற்றொன்றின் விமானத்திலும் இடம் கேட்கலாம். ஆகவே நேர் விமானத்தில் இடம் கிடைக்காத நாளில், கொழும்பு வழியாகச் சென்னைக்கோ திருச்சிக்கோ அதே மைல்களைக் கொண்டு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. பயண நேரம் கூடும். ஊரில் வீட்டு விசேஷம் என்றால் அது பெரிய இழப்பன்று.

வரியை மறப்பது

மைல்கள் பொதுவாக அடிப்படைக் கட்டணத்தை மட்டுமே ஈடுசெய்யும். வரிகளைப் பெரும்பாலும் ரிங்கிட்டில் கட்ட வேண்டியிருக்கும்.

அக்காள் மகன் தன் மைல்களின் காலாவதி நாளை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, பொங்கலுக்குப் பிந்தைய வாரங்களுக்கான விமானங்களில் ஒவ்வொரு இருக்கையாகத் தேடத் தொடங்கியிருக்கிறான்.