டே கெயாரைக் கைமாற்றும்போது சறுக்கும் இடங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு விறாந்தையிலும் ஹோலிலுமாக ஒன்பது வருடம் டே கெயார் நடத்தினேன். இடுப்பு வலி கூடிப் போக, ஊறணிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவரிடம் கொடுத்தேன். கொடுக்கும்போது சாமான் பட்டியலை வலு திருத்தமாக எழுதினேன். ஏணை நாலு, பாய் பன்னிரண்டு, சின்னக் கதிரை பதினாறு, கால் உடைந்த குதிரை ஒன்று என்று உடைசல்வரை விடவில்லை. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதெல்லாம் என் தலைக்குள் கிடந்தது.

மூன்றாம் கிழமை ஒருநாள் பின்னேரம் மூன்றரைக்கு, ஒரு பிள்ளையின் தகப்பன் மஸ்கற் பொட்டலத்தோடு வந்து பிள்ளையைக் கேட்டிருக்கிறார். தாயும் தகப்பனும் பிரிந்து வழக்கு நடக்கிறது. தாயோ அம்மம்மாவோ வந்தால் மட்டும் பிள்ளையை விட வேண்டும் என்று தாய் என்னிடம் எப்போதோ வாசலில் நின்று சொல்லியிருந்தா. புதியவருக்கு அது தெரியாது. “அவர்தானேக்கா தகப்பன், புள்ளயும் ஓடிப்போய்க் கட்டிப் புடிச்சிட்டு, குடுக்காம எப்பிடி?” என்று பிறகு அழுதா. ஏழு மணிக்குப் பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் அந்தத் தாய் போன் எடுத்துக் கத்தியது என்னிடம்தான். கத்த வேண்டிய இடமும் அதுதான்.

ஆகவே பிள்ளைக்கு ஒரு தாள் எழுதுங்கள். யார் யார் கூட்டிப்போகலாம், அவர்களின் அடையாள அட்டை இலக்கம், யாரிடம் கொடுக்கவே கூடாது என்பது முதலில் வர வேண்டும். காய்ச்சல் ஏறினால் வலிப்பு வருமா, இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாதா, என்ன மருந்து எத்தனை மணிக்கு என்பதும் வேண்டும். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். எழுதியதைத் தாயிடம் கொடுத்து, புதியவருக்கு முன்னால் வாசித்துத் திருத்திக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். சின்ன விஷயம் என்று எதையும் விட வேண்டாம். ஒரு பொடியன் அம்மாவின் பழைய சாறித் துண்டைப் பிடித்தால்தான் நித்திரை கொள்வான். புதியவர் அதை நல்லெண்ணத்தோடு சேர்ஃப் போட்டுத் தோய்த்துக் காயவிட, வாசம் போய்விட்டது. இரண்டு நாள் அவன் கண் மூடவில்லை.

பெற்றோருக்கு யார் எப்போது சொல்வது என்பதிலும் பலர் பிழை விடுகிறார்கள். அட்வான்ஸ் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பார்கள்; கடைசியில் பிள்ளைகளை ஏற்றிவரும் ஓட்டோக்காரரிடமிருந்து பெற்றோர் கதையைக் கேள்விப்படுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை நல்லவரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் முகம் கொடுக்க மாட்டார்கள். ஒரு மாதம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் நிற்பதுதான் சரி. முதல் இரண்டு கிழமை நீங்கள் நடத்த அவர் கூட நிற்கட்டும், அடுத்த இரண்டு கிழமை அவர் நடத்த நீங்கள் குசினிப் பக்கம் ஒதுங்குங்கள்.

விலை பேசும்போது கொப்பியில் உள்ள பெயரை எண்ணிப் பேசுவது வாங்குபவர் விடும் பிழை. எங்கள் பக்கத்துப் பெற்றோரில் பாதிப் பேர் ஆசிரியர்கள். ஓகஸ்டிலும் டிசம்பரிலும் பள்ளிக்கூட லீவு விட்டால் பிள்ளை வீட்டில்தான். மாரியில் வெள்ளமும் சளிக் காய்ச்சலும் வந்தால் இன்னும் குறையும். ஒரு நல்ல மாதத்து வரவைக் காட்டி விலை சொல்வது விற்பவருக்கும் அழகில்லை. பன்னிரண்டு மாதத்து வரவுக் கொப்பியையும் மேசையில் வையுங்கள். காசில் ஒரு பங்கை மூன்று மாதம் கழித்து வாங்கும்படி பேசினால் இரண்டு பேருக்கும் நெஞ்சிடி குறையும். பெற்றோர் முன்கூட்டிக் கட்டிய காசு யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பெயர்ப் பதிவைச் சாமானோடு சாமானாகக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். தனியாளாக நடத்தினால் பதிவு உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் நிறுத்தியதாக அறிவிக்க வேண்டும், அவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். அப்படியே அங்குள்ள முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் இரண்டு பேரும் சேர்ந்து போய் விஷயத்தைச் சொல்லுங்கள். போன் சிம்மையும் கொடுக்க வேண்டாம், அது உங்கள் அடையாள அட்டையில் எடுத்தது.

வீட்டுக் கதைதான் எங்கள் ஊரில் சிக்கலானது. தொழிலை விற்றாலும் வீட்டை யாரும் விற்பதில்லை, வாடகைக்குத்தான் விடுகிறோம். முத்திரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளில் “மூன்று வருடத்துக்கு” என்று கையெழுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதப்பட வேண்டும்; இல்லாவிட்டால் அது சட்டத்தில் செல்லாது. அதைவிட முக்கியம், கையெழுத்து வைப்பவர் யார் என்பது. மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். வீட்டு உறுதிப் பத்திரம் ஏற்கனவே மகளின் பெயரில் இருக்கும், தாய்க்குச் சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்து மட்டும் இருக்கும், ஒப்பந்தத்தில் தாய் மட்டும் கையெழுத்து வைத்திருப்பா. அல்லது மகளுக்கு அடுத்த வருடம் கலியாணம் பேசியிருப்பார்கள். மருமகன் வந்து குடியிருக்கப் போவது இந்த ஹோலில்தான். வாங்குபவர் உறுதியின் பிரதியைக் கேட்டு வாசிக்கக் கூச்சப்படக் கூடாது. என்னிடம் வாங்கிய தங்கச்சி கேட்டா. எனக்குச் சுள்ளென்று ஏறியது, ஆனாலும் அவ செய்தது சரி.

உதவிக்கு நின்ற அக்காமாரைத் தளபாடம்போல் கூடக் கொடுத்துவிடாதீர்கள். ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதமும் அவரின் சம்பளத்திலிருந்து 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதமும் கட்ட வேண்டும். பாக்கி இருந்தால் கைமாற்றுவதற்கு முன் கட்டித் தீருங்கள். வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கும் பணிக்கொடையை, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் எட்டு வருடம் பிள்ளைகளின் மூத்திரத் துணி அலசியவருக்கு வெறும் கையோடு “போய்ட்டு வாங்க” சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசிப் பிழையும் நான் விட்டதுதான். கொடுத்து நாலாம் நாள், மறந்துபோன என் இடியப்பத் தட்டுகளை எடுக்கிற சாட்டில் முன்பக்கத்தால் உள்ளே போனேன். சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரம். “அன்ரி வந்திட்டா!” என்று ஒன்று கத்த, ஏழெட்டும் கோப்பையை விட்டு எழும்பி வந்து என் காலைக் கட்டிக்கொண்டன. எனக்குச் சந்தோஷம் என்றால் சந்தோஷம்தான். நிமிர்ந்து பார்த்தால், அந்தத் தங்கச்சி சோற்றுக் கையோடு அப்படியே குந்திக்கொண்டிருக்கிறா. தட்டுகளை எடுக்காமலேயே வெளியே வந்தேன். ஆறு மாதம் நான் என் பின்பக்க அறைக்குக் கிணற்றடிப் படலையால்தான் போய் வந்தேன்.