நாவலின் கதையை முன்கூட்டியே அறியலாமா: வாசகருக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் வாழும் தமிழ் வாசகர் ஒருவர் புதிய நாவலொன்றை அதன் கதை தெரியாமல் வாசிக்கத் தொடங்குவது அவ்வளவு எளிதன்று. வெளியீட்டு விழாவுக்குச் சென்றால், தலைமையுரையும் வாழ்த்துரையும் முடிந்தபின் நயவுரை நிகழ்த்த வருபவர் பெரும்பாலும் கதையை முதலிலிருந்து முடிவுவரை சொல்லிவிட்டுத்தான் அமர்வார். விழாவைத் தவிர்த்துவிட்டு நூலை மட்டும் வாங்கினாலும், அணிந்துரை எழுதியவர் அதே பணியை உள்ளே செய்து வைத்திருப்பார். இவற்றால் வாசிப்பின்பம் கெடுகிறதா என்று கேட்டால், சில நாவல்களில் கெடுகிறது, சிலவற்றில் கெடுவதில்லை, வேறு சிலவற்றில் கூடவும் செய்கிறது என்பதே நேர்மையான விடையாகும். உங்கள் கையில் இருப்பது எவ்வகை நாவல் என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ளும் வழியையும், கண்டுகொண்டபின் செய்ய வேண்டியதையும் இங்கே கூற முயல்கிறேன்.

இதைப் பற்றி ஆய்வுகளும் நடந்துள்ளன. 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஜொனதன் லீவிட், நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் என்னும் உளவியலாளர்கள் 12 சிறுகதைகளை மாணவர்களிடம் கொடுத்து வாசிக்கச் செய்தபோது, முடிவை முன்பே அறிந்திருந்தவர்கள் கதைகளைச் சற்றுக் கூடுதலாக விரும்பியதாகக் கண்டனர்; மர்மக் கதைகளிலும் அவ்வாறே இருந்தது. 2015இல் பெஞ்சமின் ஜோன்சன், ஜூடித் ரோசன்பாம் ஆகியோர் வெளியிட்ட ஆய்வோ, முடிவை அறிந்தவர்களுக்குக் கதையின் சுவை குறைந்தது என்று இதற்கு மாறான முடிவைத் தந்தது. என்னைக் கேட்டால், ஒரே அமர்வில் வாசித்து முடிக்கும் சிறுகதையில் பெற்ற பெறுபேற்றை, வாரக்கணக்கில் மனத்தில் சுமந்து திரியும் நாவலுக்கு அப்படியே பொருத்துவது தகாது. எனவே ஆய்வுகளை ஒருபுறம் வைத்துவிட்டு, ஆசிரியர் எந்தச் செய்தியை எந்த இடத்தில் வெளிப்படுத்தினார் என்பதைக் கவனிப்பதே பயனுள்ள வழியாகும். அவர் தாமே முன்வந்து சொன்னதை நீங்கள் முன்கூட்டி அறிவதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் பாடுபட்டு மறைத்ததை அறிந்துகொண்டால் இழப்பு நிச்சயம்.

ஆகையால், எந்த விமரிசனத்தையும் தேடுவதற்கு முன்னர் முதல் அத்தியாயத்தை மட்டும் வாசித்துவிட்டு, இந்த நாவல் உங்கள் மனத்தில் எந்தக் கேள்வியை எழுப்புகிறது என்று பாருங்கள். கேள்வி ‘யார் செய்தது’, ‘என்ன நடந்தது’ என்பதாக இருந்தால், அன்றிலிருந்து காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கேள்வி ‘ஏன்’, ‘எவ்வாறு’ என்பதாக இருந்தால் அத்துணைக் காவல் வேண்டியதில்லை. கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸ் 1981இல் வெளியிட்ட சிறு நாவலொன்றின் முதல் வாக்கியமே சந்தியாகோ நாசார் கொல்லப்படப் போகிறான் என்று அறிவித்துவிடுகிறது. கொலை செய்யப் போகிறவர்கள் தம் எண்ணத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தும் அது ஏன் தடுக்கப்படவில்லை என்பதே அதை வாசிப்பவரை இறுதிவரை இழுத்துச் செல்கிறது. ரோஜர் அக்ரோய்ட் என்பவரின் கொலையைப் பற்றி அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய நாவலோ மறுகோடியில் நிற்கிறது. அதைப் பற்றி, அதை வாசிக்காதவரிடம் இதற்கு மேல் ஒரு சொல்லும் கூறலாகாது.

முடிவை முதலில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்குவது நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகம் கோவலன் கொலையுண்டதையும் மதுரை எரிந்ததையும் நூலுக்குள் நுழையுமுன்பே கூறிவிடுகிறது. அதை இளங்கோவே எழுதினாரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், நெடுங்காலமாகத் தமிழர் அந்நூலைப் பதிகத்தோடு சேர்த்தே படித்து வந்திருக்கின்றனர். பதினாறாவதாகிய கொலைக்களக் காதையில் கண்ணகி, மதுரையில் தமக்கு அடைக்கலம் தந்த மாதரியின் இல்லத்தில் சமைத்துக் குருத்து வாழையிலையில் கோவலனுக்கு அமுது படைக்கிறாள். பின்னால் நடக்கப் போவதை அறியாதவருக்கு அது இனிய இல்லறக் காட்சி மட்டுமே. அறிந்தவருக்கோ அது அவன் உண்ணும் கடைசி உணவு. அவள் செய்யும் ஒவ்வொரு செயலும் பாரமாகிறது. இத்தகைய இடங்களில் முன்னறிவு இன்பத்தைக் கெடுக்கவில்லை. அதுதான் இன்பத்தைத் தருகிறது.

பெரும்பாலான நாவல்கள் இவ்விரண்டு கோடிகளுக்கும் இடையில் நிற்பவை. ஒரே நூலுக்குள் அறியத் தக்கதும் அறியத் தகாததும் கலந்திருப்பதற்குப் பொன்னியின் செல்வனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய அந்நாவலின் வரலாற்றுச் சட்டகம் எல்லோரும் அறியக்கூடியது. ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டதற்கு உடையார்குடிக் கல்வெட்டு சான்று கூறுகிறது; அருள்மொழிவர்மன் 985இல்தான், உத்தம சோழனுக்குப் பின்னரே, அரியணை ஏறினான் என்பது பாடநூல்களில் உள்ளது. கல்கியும் இவற்றை மறைக்க அக்கறை கொள்ளவில்லை. ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று அவரே பெயரிட்டு முடிவைப் பாதி சொல்லிவிட்டார். ஆனால் அந்தச் சட்டகத்துக்குள் அவர் கற்பனையால் பொதித்து வைத்த இரகசியங்கள் வேறு. அவற்றை அத்தியாயம் அத்தியாயமாக, வாரம் வாரமாக வாசகரைக் காக்க வைத்து அவிழ்த்தார். ஆகவே, முதல் தடவை வாசிப்பவர் சோழர் வரலாற்றைத் தாராளமாகப் படித்துவிட்டு வரலாம். இரண்டாம் பாகத்தில் கதை இலங்கைக்கு வரும்போது, அக்காலத்து அநுராதபுரத்தைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது பேருதவியாகவும் இருக்கும். தவிர்க்க வேண்டியது, இணையத்தில் கிடைக்கும் பாத்திர அறிமுகப் பட்டியல்களையே. ஒருவரின் பெயருக்கு எதிரே உள்ள ஒற்றை வரி, ஆசிரியர் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் காத்த இரகசியத்தை உடைத்துவிடும். 2022இலும் 2023இலும் வெளிவந்த திரைப்படங்களைப் பார்த்தவர்கள் எல்லாம் தெரிந்துவிட்டதென்று மனம் தளர வேண்டியதில்லை. நாவலின் சில இழைகளை அவை விட்டும் மாற்றியும் இருப்பதால், வாசிப்பதற்கு இன்னும் நிறையவே மீதி இருக்கிறது.

பின்னணியை அறிவதும் கதையை அறிவதும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் கே. டானியலின் பஞ்சமரைக் கையில் எடுக்கும்போது, 1960களில் யாழ்ப்பாணத்தில் ஆலயங்களுக்குள்ளும் தேநீர்க் கடைகளுக்குள்ளும் நுழைவதற்காக ஒடுக்கப்பட்ட மக்கள் நடத்திய போராட்டங்களைப் பற்றி முன்பே வாசித்திருந்தால், நாவல் அவருக்கு இன்னும் நெருக்கமாகும். அத்தகைய செய்திகளைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ கொழும்புப் பொது நூலகத்திலோ தேடிப் படித்துவிட்டுத் தொடங்குவதில் தவறேயில்லை.

நூலைத் திறக்கும் முறைக்கு வருவோம். பதிப்புரையையும் அருஞ்சொல் விளக்கத்தையும் முதலில் பார்க்கலாம். அணிந்துரையையும் ஆய்வு முன்னுரையையும் கடைசிப் பக்கத்துக்குப் பின் வரும் பகுதிகளாகக் கருதி, கதை முடிந்தபின் வாசியுங்கள். அவை அப்போதுதான் பொருளும் தரும். பின்னட்டைக் குறிப்பில் முதல் இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மர்ம நாவலாயின் பொருளடக்கத்தையும் புரட்ட வேண்டாம். இரவல் பிரதிகளில் முன்பு வாசித்த புண்ணியவான் எவரேனும் கொலையாளியின் பெயருக்குக் கீழே பென்சிலால் கோடிட்டு வைத்திருப்பதுண்டு; அதற்கு எந்த வழிகாட்டியாலும் பரிகாரம் கூற இயலாது.

முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டதென்றால், மர்ம நாவலைச் சில மாதங்கள் தள்ளிவைப்பது பயன் தரும், ஏனெனில் பெயர்கள் விரைவில் மறந்துவிடும். ஏனைய நாவல்களைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அம்முடிவுக்கு எங்கெங்கே வித்திட்டிருக்கிறார், எந்த உரையாடலில் அதை மறைத்துப் பேசியிருக்கிறார் என்று தேடிக்கொண்டு மெதுவாக வாசித்தால், முதல் வாசிப்பிலேயே இரண்டாம் வாசிப்பின் பயனையும் ஓரளவு பெறலாம்.

பிறருக்குச் சொல்லும்போதோ பொறுப்பு கூடுகிறது. நாவலின் முதன்மையான கேள்வி எழும் இடம்வரை கதையைச் சொல்லி, அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ‘கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது, நான் சொல்ல மாட்டேன்’ என்பதும் சொல்லிவிட்டதற்குச் சமமே; அதைக் கேட்டவர் அதன்பின் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வாட்ஸ்அப் குழுவில் எழுதுவதாயின், செய்தியின் முதல் வரிகள் கைபேசித் திரையில் தாமாகவே தோன்றும் என்பதை நினைவிற் கொண்டு, எச்சரிக்கையை முதலில் இட்டு, சில வரிகள் வெறுமையாக விட்டபின் எழுதுங்கள். வெளியீட்டு விழாவில் நயவுரை வழங்குபவர், அவையில் இருப்போரில் அநேகர் அந்நூலை அன்றுதான் முதன்முறையாகக் கையில் எடுக்கப் போகிறார்கள் என்பதை எண்ணி, இரண்டு மூன்று பகுதிகளை வாசித்துக் காட்டி மொழியையும் களத்தையும் பற்றிப் பேசினாலே போதுமானது. ஆனால் எல்லோரும் வாசித்துவிட்டு வந்து அமரும் வாசகர் வட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் வேண்டாம். முடிவைத் தொடாமல் ஒரு நாவலின் கட்டமைப்பைப் பற்றிப் பயனுள்ள விவாதம் நடத்த இயலாது. வாசிக்காமல் வந்தவர் ஒருவருக்காக மற்றவர்கள் வாய்மூடி இருக்க வேண்டுமென எதிர்பார்ப்பது முறையுமன்று.