கடல் அரிக்கும் பழங்கரையை அளந்து வைப்பது எப்படி

தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் கட்டப்பட்டது. அதில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடல் மட்டம் ஏறிவரும் இந்தக் காலத்தில், மிச்சமிருப்பதைக் காக்க முதல் வேலை அளந்து வைப்பதுதான்.

பூம்புகார், வானகிரிப் பக்கம் நான் செய்வதைச் சொல்கிறேன். அசையாத ஓர் இடத்தைப் பிடியுங்கள். கோயில் சுவர் மூலை நல்லது. அங்கிருந்து கரை உடைந்து நிற்கும் விளிம்பு வரை டேப் பிடித்து அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் விளிம்பை அளக்காதீர்கள், அது ஓதத்துக்கு ஓதம் மாறும். மாதம் ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் போக வேண்டும்.

புயல் மணலை வாரிப்போன பிறகுதான் பழங்கால உறைகிணறு தலைகாட்டும். சுட்ட மண் வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, ஈரத்தில் கருஞ்சிவப்பாக. பக்கத்தில் ஸ்கேல் வைத்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, சுற்றுப்புறம் தெரியத் தள்ளி நின்று ஒன்று. போன் காட்டும் இருப்பிடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தோண்டாதீர்கள். தயவுசெய்து ஒரு பானையோட்டுத் துண்டைக்கூட வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். கடலில் ஊறிய ஓடு வெயிலில் காய்ந்தால், உள்ளே இருக்கும் உப்பு படிகமாகி மேற்பரப்பை உரித்துவிடும். அது எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற சேதியும் அதோடு போய்விடும்.

வலை எங்கே அடிக்கடி சிக்குகிறது என்று மீனவர்களிடம் கேட்டு எழுதுங்கள். கடலடிக் கட்டுமானத்தை அவர்கள் வலை முன்பே கண்டிருக்கும். படங்களை அன்றைக்கே தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு நாளில் மணல் மறுபடி மூடிவிடலாம்.