சரிவு மனையில் தோட்டம்: சுவருக்கு முன் வாய்க்கால்

ஏற்காடு, கோத்தகிரி போன்ற மலை ஊர்களில் தோட்டத்துத் தடுப்புச்சுவர் சாய்ந்தால் கொத்தனாரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அது சுவருக்குப் பின்னால் தேங்கிய நீரின் வேலை. அதனால் மனையின் மேல் எல்லையில் தொடங்குங்கள். சரிவுக்குக் குறுக்காக 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, 10 மீட்டருக்கு 10 செ.மீ. வாட்டம் கொடுங்கள். வாட்டம் குறைந்தால் வண்டல் அடையும், கூடினால் அடிமண் அரிக்கும். நீர் வெளியே விழும் இடத்தில் கல் பாவுங்கள். அந்த இடம் பக்கத்து மனையாக இருக்கக் கூடாது.

பிறகு டியூப் லெவல் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) பிடித்து, ஒரே மட்டத்தில் முளைக்குச்சி அடித்துப் படிமேடைகளைக் குறியுங்கள். 2 மீட்டர் உயரத்தில் ஒரே சுவர் எழுப்புவதைவிட, 1 மீட்டரில் இரண்டு சுவர் நல்லது. நடுவே குறைந்தது 2 மீட்டர் விடுங்கள். ஒரு சுவர் 1 மீட்டரைத் தாண்டினால் பொறியாளர் கணக்குப் போடாமல் கை வைக்காதீர்கள்.

மண்ணை வெட்டும்போது மேலுள்ள 15 செ.மீ. கறுப்பு மண்ணைத் தனியே குவித்துவையுங்கள். அடியிலுள்ள செம்மண்ணில் செடி எளிதில் பிடிக்காது.

சிமென்ட் இல்லாத கல்லடுக்குச் சுவருக்கு 30 செ.மீ. தோண்டி, கெட்டித் தரையில் முதல் வரிசையைப் பதியுங்கள். 1 மீட்டர் உயரத்துக்கு அடி அகலம் 55 செ.மீ., உச்சி 40 செ.மீ.; முகப்பு மலைப்பக்கமாக 15 செ.மீ. சாய வேண்டும். மேல் கல் கீழ்வரிசை இணைப்பின் மீது உட்காரட்டும். ஆங்காங்கே சுவரின் முழு அகலத்துக்கும் நீளும் கல் ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் முகப்பு தனியே பிரிந்து வயிறு தள்ளும்.

சுவருக்குப் பின்னால் 30 செ.மீ. தடிமனுக்கு 40 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி). சிமென்ட் சுவரானால் பின்னால் சேரும் நீர் வெளியேற 1.5 மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. பிவிசி குழாயை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். பின்னால் ஜல்லியே இல்லாமல் பெயருக்குக் குழாய் செருகிவிட்டுப் போவதும், கலவை விழுந்து குழாய் அடைபடுவதும் சகஜம். பூச்சு முடிந்ததும் கம்பி விட்டுப் பாருங்கள்.

நிரப்பும் மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாக, ஈரப்படுத்தித் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். 10,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே 10 டன். தொட்டியை, மண் நிரப்பிய இடத்தில் வைக்காதீர்கள். மழைநீர் உறிஞ்சுகுழியும் சுவருக்கு மேற்புறம் கூடாது.

கல் வேலை ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நடவு ஜூனில். வெட்டிவேர் நாற்றை 10–15 செ.மீ. இடைவெளியில் மட்டக்கோட்டை ஒட்டி நடுங்கள். உறைபனி விழும் ஊட்டிப் பக்கம் அது மந்தமாகத்தான் வளரும். சில்வர் ஓக் சுவரிலிருந்து 4 மீட்டராவது தள்ளி நிற்கட்டும். அக்டோபர் மழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரி, குழாய்களைப் பாருங்கள். கனமழைக்குப் பிறகும் குழாயில் சொட்டுகூட வராமல் சுவர் மட்டும் ஈரமாக இருந்தால், பின்னால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.