பல நாட்டுப் பிள்ளைகள் அமரும் வகுப்பில் ஆசிரியர் தம் உடல்மொழியைச் சரிபார்ப்பது எப்படி?

தில்லி லாஜ்பத் நகரில் நான் நடத்தும் கணிதத் தனிவகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளுடன் ஆப்கானியப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி, சரியாகப் போட்ட கணக்கை என் கண்ணெதிரிலேயே அழித்துவிட்டாள். அதற்குக் காரணம் என் தலையசைப்பு என்று பிறகுதான் தெரிந்தது. அன்று தொடங்கிய பயிற்சியை, புதிதாகப் பாடம் நடத்த வருபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், கைப்பேசியை வகுப்பின் பின்பகுதியில் முக்காலியில் பொருத்தி, உங்களை மட்டும் 10 நிமிடம் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் முகம் பதிவாகக் கூடாது. கண்ணாடி முன் பழகுவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அங்கே நம்மை நாமே திருத்திக்கொண்டே பார்க்கிறோம்.

அடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு, தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் பத்துப் பத்து நொடி பாருங்கள். தில்லி லேடி ஸ்ரீராம் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் உளவியலாளராக விளங்கிய நளினி அம்பாடி, ராபர்ட் ரோசந்தாலுடன் 1993இல் வெளியிட்ட ஆய்வின் முறை இது. கல்லூரி ஆசிரியர்களின் ஒலியற்ற 30 நொடிக் காட்சியை மட்டும் பார்த்த அந்நியர்களின் மதிப்பீடு, பருவம் முழுதும் அவர்களிடம் படித்த மாணவர்களின் மதிப்பீட்டோடு பெரிதும் ஒத்திருந்தது.

மூன்றாவதாகத் தலையசைப்பைக் கவனியுங்கள். நான் இடறியது இங்கேதான். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து ஆட்டினால் நமக்கு "ஆமாம், மேலே செய்" என்று பொருள். அதைப் பார்த்து வளராத பிள்ளைக்கு அது மறுப்பாகவே படும். என் பதிவில் பத்து நிமிடத்துக்குள் பதினாறு முறை அப்படி ஆட்டியிருந்தேன். அதை முற்றிலும் அடக்க முயன்ற வாரத்தில் என் உடல் விறைத்துப்போக, தமிழ்ப் பிள்ளைகள் "சார், எங்க மேல கோபமா?" என்று கேட்டார்கள். ஆகவே அசைவை அடக்காதீர்கள். அதனுடன் "சரி" அல்லது "தவறு" என்று வாயாலும் சொல்லுங்கள்.

பிள்ளையைச் சுட்டுவிரல் மடக்கி அழைக்காமல், உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து அழையுங்கள். ஆசிய நாடுகள் பலவற்றில் முன்னது அவமதிப்பு. கண்டிக்கும்போது கண் தாழ்த்தும் பிள்ளை பெரும்பாலும் மரியாதை காட்டுகிறது. "என்னைப் பார்த்துப் பேசு" என்று வற்புறுத்த வேண்டாம்.

பின்சேர்க்கை: தலையசைப்புக்குப் பதிலாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் பழைய வழக்கில் அது வசைக்குறி. பிள்ளைகள் பொருட்படுத்தாவிட்டாலும், அழைத்துப்போக வாசலில் காத்து நிற்கும் தாத்தாவின் கண்ணில் அது படும்.